டிராக்டர் எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகளில் அநேகர் எஞ்சினைப் பிரிப்பது ஆனி மாதத்தில்தான். கார் சாகுபடிக்கு நாற்று தயாராகித் தொழி உழவு தொடங்கும் வேளையில் வண்டி புகை கக்கி நின்றுவிடும். அன்றே ஆளை அழைத்து வயலோரக் கொட்டகையில் பிரித்துப் போடுவார்கள். இதைவிடப் பொருந்தாத காலம் வேறில்லை. மலையடி ஊர்களில் அப்பொழுது சாரல் ஓயாது. எண்ணெய் பூசாமல் விடப்பட்ட சிலிண்டர் சுவரிலும் கிராங்கு ஷாப்டிலும் துரு ஏறும். கிழக்கே பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கமோ, சாரல் குறைந்து, கணவாய் வழியே வரும் காற்று புழுதியை வாரி இறைக்கும். பிசான அறுவடை தீர்ந்தபின் பங்குனி, சித்திரையில் கோடை உழவுக்கு இடையே சில நாள் ஒதுக்குவதே உசிதம். வண்டி தானாக நிற்கும் வரையில் காத்திருப்பது சிக்கனமாகாது.

பிரிக்கத்தான் வேண்டுமா என்பதை முதலில் தீர்மானித்தல் அவசியம். கரும்புகை கண்டவுடன் ரிங்கு போய்விட்டதென்று சொல்வோர் பலர். காற்று வடிகட்டி புழுதியால் அடைபட்டாலும், நாஸில் சரியாகத் தூவாவிட்டாலும் கரும்புகையே வரும். அவற்றிற்காக எஞ்சினைத் திறப்பது வீண் செலவு. நீலப்புகையுடன் எண்ணெய் மட்டமும் நாளுக்கு நாள் இறங்கினால் ரிங்கு, லைனர், வால்வு கைடு ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். ரேடியேட்டர் நீர் காரணமின்றிக் குறைந்து, எஞ்சின் எண்ணெய் மோர் போல் வெளுத்திருந்தால் ஹெட் காஸ்கெட்டையோ, வெடிப்பையோ தேட வேண்டும். கம்பிரஷன் சோதனையும் செய்து, கண்டவற்றைத் தேதியிட்டு எழுதி வைத்துக்கொண்ட பிறகே ஸ்பேனரை எடுக்கலாம். நாடி பாராமல் மருந்து கொடுக்கும் வைத்தியரை நாம் ஏற்பதில்லை அல்லவா?

இனி உயிருக்கு ஆபத்தான விஷயம். மோட்டார் லாரிக்குத் தனியே சட்டம் உண்டு. எஞ்சினை எடுத்தாலும் வண்டி நிற்கும். நம் நாட்டில் ஓடும் பெரும்பாலான டிராக்டர்களுக்கு அப்படியில்லை. எஞ்சினும் கியர் பெட்டியுமே அதன் முதுகெலும்பு. இரண்டையும் பிணைக்கும் போல்ட்டுகளைக் கழற்றியதும் வண்டி இரு துண்டாகும். முன் அச்சோ, மேடுபள்ளத்திற்கு இசைந்து ஆடுவதற்காக நடுவில் ஒரே முளையில் அமைந்தது. முன்பாதி பக்கவாட்டில் சாய்ந்து ஆளை நசுக்க அதுவே போதும். ஆகையால் பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, முன் அச்சின் இரு பக்கத்திலும் மர ஆப்பு இறுக்கி, எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் அடியில் தனித்தனியே உறுதியான தாங்கிகளை நிறுத்திய பின்னரே போல்ட்டில் கை வைக்கலாம். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அன்று. செங்கல் அடுக்கும் உதவாது. செயின் பிளாக்கைப் புளியமரக் கிளையில் மாட்டும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும்.

பிரிப்பதற்கு முந்தின நாள், காற்று வாயையும் புகைக்குழாய் வாயையும் அடைத்துவிட்டு, தொழிச் சேறு ஒட்டாமல் எஞ்சினைக் கழுவிக் காயவிட வேண்டும். பாட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுக. எண்ணெயை இளஞ்சூட்டில் வடித்து மெல்லிய துணியில் சலித்துப் பார்த்தால், எஞ்சினைத் திறக்காமலே சேதி கிடைக்கும்: வெண்மையாக மினுக்கும் தூள் பெரும்பாலும் பிஸ்டனையும், செம்பு நிறத்தூள் பேரிங்கையோ புஷ்ஷையோ காட்டும். வடித்த எண்ணெயைச் சிற்றாற்றுக் கால்வாயில் ஊற்றுகிறவர் தம் வயலுக்கே தீங்கு செய்கிறார்.

டீசல் குழாய்களைக் கழற்றிய அக்கணமே முனைகளைச் சுத்தமான மூடியால் அடைக்க வேண்டும். பம்பின் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே. கண்ணுக்குத் தெரியாத மணலும் அதைக் கெடுக்கும். ஹெட்டை எஞ்சின் நன்றாக ஆறிய பின்பே, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும், இல்லையேல் வளையும். புஷ் ராடுகளை அட்டையில் துளையிட்டு வரிசையாகக் குத்தி வைக்கலாம். பேரிங்கு மூடிகளும் பிஸ்டன்களும் இடம் மாறலாகாது. எண் இல்லாதவற்றிற்கு எண் இடுக. ஒவ்வொரு பகுதியையும் கழற்றுமுன் கைபேசியில் படம் பிடித்துக்கொள்வது, ஞாபகத்தை நம்புவதைவிட மேல். இவ்வளவும் மெக்கானிக்கின் வேலை என்று வீட்டில் இருப்பது சரியன்று. உடையவன் பாராத பயிரின் கதிதான் உடையவன் பாராத எஞ்சினுக்கும்.

சிலிண்டர் பிளாக்கே வெடித்திருந்தால் புதுப்பிப்பதைவிட எஞ்சினை மாற்றுவதே லாபமாகலாம். ஆனால் எஞ்சின் எண் பதிவுச் சான்றிதழில் எழுதப்பட்டது. எண் வேறான எஞ்சினைப் பொருத்திவிட்டு, பிறகு விற்பனையிலோ, இன்ஷூரன்ஸிலோ, பாங்குக் கடனிலோ சிக்கிக்கொள்வோர் உண்டு. ஆகையால் மாற்றுவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து, விலைச் சீட்டையும் பழைய எஞ்சினின் எண் தெரியும் படத்தையும் பத்திரப்படுத்தல் நலம். கிராம அலுவலர்கள் இதைக் குடிகளுக்கு எடுத்துச் சொல்லலாம். வண்டி பட்டறையில் இருக்கும் நாட்களில் உழவு நின்றுவிடாதபடி, வேளாண்மைப் பொறியியல் துறை மணிக் கணக்கில் வாடகைக்கு விடும் டிராக்டருக்கு, எஞ்சினைப் பிரிக்கும் நாளைக் குறிக்கும்போதே பதிவு செய்துகொள்க.