புராஸ்டேட் புற்றுநோய்: ரத்தத்தில் தேடுவதா, ஆஸ்பத்திரி வாசலில் தேடுவதா?

அப்பாவுக்கு இடுப்பு வலி வந்து ஏழு மாதம் கழித்துத்தான் அது எலும்புக்குப் பரவிவிட்ட புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தது. அதற்கு முன் பார்த்த இரண்டு டாக்டர்களும் "மூட்டை தூக்குற உடம்பு, வலிக்கத்தான் செய்யும்" என்று மாத்திரை எழுதி அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர், "உங்க ஆளுங்களுக்குக் குடி இருக்குமே?" என்றும் கேட்டார். அப்பா வாழ்நாளில் குடித்ததில்லை. ராத்திரி நாலைந்து தடவை ஒன்றுக்குப் போக எழுந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அவர் போன பிறகு இந்த நோயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அமெரிக்காவில் இதற்கான அரசு நிதியைச் சுற்றி நடக்கும் சண்டை நமக்கு நன்றாகப் பழகிய சண்டையாக இருந்தது.

அங்கே எட்டு ஆண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் கண்டறியப்படுகிறது. கறுப்பினத்தவரில் ஆறு பேருக்கு ஒருவர். இதில் சாகும் வாய்ப்பு வெள்ளையரைவிடக் கறுப்பின ஆண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. அரசுக்கு இது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த கணக்குதான்.

ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பகுதி ராணுவ பட்ஜெட்டிலிருந்து வருகிறது. ராணுவத்துக்கும் புராஸ்டேட்டுக்கும் என்ன சம்பந்தம்? 1990களின் தொடக்கத்தில் மார்பகப் புற்றுநோய்க்கு நிதி கேட்டுப் பெண்கள் போராடியபோது, பணம் ராணுவத்தின் பெட்டியில்தான் கிடைத்தது. அதே வழியில் 1997 முதல் புராஸ்டேட்டுக்கும் தனித் திட்டம் வந்தது. அண்மைக்காலத்தில் ஆண்டுக்கு 11 கோடி டாலர். 2025 நிதியாண்டில் அதை 7.5 கோடியாக வெட்டினார்கள். அதே ஆண்டில் அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனங்கள், பாகுபாட்டை ஆராய்ந்த நூற்றுக்கணக்கான ஆய்வுகளின் நிதியை ரத்து செய்தன. ஜூன் மாதம் நீதிபதி வில்லியம் யங் அது சட்டவிரோதம், இனப்பாகுபாடு என்று தீர்ப்பளித்தார். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் நிதியை நிறுத்தி வைக்க அரசை அனுமதித்துவிட்டது.

வெட்டியதைத் திரும்பக் கொடுக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பணம் இருந்த காலத்தில் அது யாரைப் பார்த்தது? பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை உயிரைக் காக்குமா என்று அறிய அமெரிக்க அரசு 76 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. அதில் கறுப்பினத்தவர் 4 சதவீதம். பிறகு 2018இல் பரிசோதனை பற்றி வழிகாட்டிய அரசுக் குழு, கறுப்பின ஆண்களுக்கென்று தனியாகப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றது. சேர்க்காமல் விட்டால் சான்று எங்கிருந்து வரும்?

"அவர்கள் ஆய்வில் சேர வருவதில்லை" என்பது வழக்கமான பதில். அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோயிருந்த 399 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்ததும் அமெரிக்க அரசின் பொது சுகாதாரத் துறைதான். பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. அதுவும் அரசு நிதியில் நடந்த 'ஆராய்ச்சி'. அந்த ஊரிலிருந்து வந்தவன் தயங்காமல் கையெழுத்துப் போடுவானா?

இன்னொரு பதில் இதைவிட நாசூக்கானது. அவர்கள் மரபணுவிலேயே ஏதோ இருக்கிறது என்பது. மரபுக் காரணிகள் உண்டு, கறுப்பின ஆண்களுக்கு நோய் அதிகம் வருவதில் அவற்றுக்குப் பங்கும் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வந்த நோயில் யார் சாகிறார்கள் என்பது வேறு கேள்வி. முன்னாள் ராணுவத்தினருக்கு அமெரிக்க அரசே நடத்தும் மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்ற அறுபதாயிரம் பேரின் பதிவுகளை வைத்து 2020இல் ஓர் ஆய்வு வந்தது. பத்து ஆண்டுகளில் இந்நோயால் இறந்த வெள்ளையர் 5.1 சதவீதம். கறுப்பினத்தவர் 4.4 சதவீதம். வாசல் எல்லோருக்கும் ஒன்றாகத் திறந்த இடத்தில் அந்த 'இரண்டு மடங்கு' காணாமல் போய்விட்டது! பட்டாளத்துக்காரர்கள் விதிவிலக்கு என்பார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வந்த, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைப் பார்த்த ஆய்விலும், சிகிச்சை வாய்ப்பு போன்றவற்றைச் சமப்படுத்தியதும் இறப்பில் இருந்த இடைவெளி கிட்டத்தட்ட மறைந்தது.

பிறப்பிலேயே குறை என்ற விளக்கம் யாருக்கு வசதி என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரத்தத்தில் கோளாறு என்றால் ஆஸ்பத்திரியைத் திருத்த வேண்டியதில்லை, காப்பீடு கொடுக்க வேண்டியதில்லை, ஏழு மாதம் விரட்டிய டாக்டரிடம் கேள்வி கேட்க வேண்டியதில்லை. எனவே நிதி கேட்கும்போதே, எதை ஆராய நிதி என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டு வாங்கிய முன்னுதாரணம் உண்டு. கறுஞ்சிறுத்தைகள் என்றதும் துப்பாக்கிதான் பலருக்கு நினைவு வரும். 1971இல் அவர்கள் தங்கள் இலவச மருத்துவ மையங்கள் வழியாக அரிவாள் செல் ரத்தசோகைக்குப் பரிசோதனை நடத்தி, அரசு கைவிட்ட அந்த நோயை நாட்டின் பேச்சாக்கினார்கள். 1972இல் அதற்கான சட்டத்தில் நிக்சன் கையெழுத்திட்டார். அந்த ஆண்டுதான் அவர்கள் பெயரை ஏற்று மும்பையில் தலித் சிறுத்தைகள் பிறந்தார்கள். பெயரை எடுத்துக்கொண்ட அளவுக்கு அந்த மருத்துவ மையங்களை நாம் எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் வருத்தம்.

அங்கே 'இரண்டு மடங்கு' என்று சொல்ல முடிவதற்குக் காரணம், இனவாரியாக எண்ணி வைத்திருப்பது. அப்பாவின் கோப்பில் வயது, எடை, மதம், தொழில் எல்லாம் இருந்தன. சாதி இல்லை. 'ஆஸ்பத்திரியிலுமா சாதி?' என்று நண்பர்களே முகம் சுளிக்கிறார்கள். சாதியைக் கேட்டுவிட்டுக் கத்தியை எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. யார் எந்தக் கட்டத்தில் வந்து சேர்கிறார்கள் என்று எண்ணச் சொல்கிறேன். அப்பா சிகிச்சை பெற்ற மருத்துவமனைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதினேன்: ஐந்து ஆண்டுகளில் வந்த புராஸ்டேட் நோயாளிகளில் நோய் பரவிய நிலையில் வந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர்? அப்படிப் பிரித்து வைக்கப்படவில்லை என்று ஒருவரிப் பதில் வந்தது. மேல்முறையீடு செய்திருக்கிறேன்.