அழகரைப் பார்க்க எல்லோரும் ஆற்றுக்குள்ளேயே இறங்கணுமா?

சித்திரை பிறந்தால் மதுரைக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரே கேள்விதான்: ‘திருவிழாவுக்கு எப்போ வர்றே?’ சென்னையிலும் பெங்களூருவிலும் வேலை பார்ப்பவர்கள் லீவு சொல்லி, டிக்கெட் போட்டு ஊருக்குக் கிளம்புகிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் மனதில் இருப்பது ஒரே காட்சி. சித்ரா பௌர்ணமியன்று விடியும் வேளையில், தங்கக் குதிரை வாகனத்தில் கள்ளழகர் வைகையில் இறங்கும் அந்தச் சில நிமிடங்கள். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

2022-ல் என்ன நடந்தது?

கொரோனாவால் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் வைகைக் கரையில் மக்கள் கூடவில்லை. 2022 ஏப்ரல் 16 அன்று மீண்டும் அனுமதி கிடைத்தது. 14-ம் தேதி தமிழ்ப் புத்தாண்டு, 15-ம் தேதி புனித வெள்ளி, 16-ம் தேதி சனிக்கிழமை. இரண்டு வருட ஏக்கமும் தொடர் விடுமுறையும் ஒன்று சேர்ந்தன. அன்று நெரிசலில் சிக்கி 2 பேர் இறந்தார்கள். பலர் காயமடைந்தார்கள்.

ஆற்றில்தான் இடம் இருக்கிறதே, ஏன் நெரிசல்?

வைகை அகலமான ஆறுதான். ஆனால், எல்லோருக்கும் வேண்டியது அழகர் இறங்கும் அந்த ஒரு இடம், அந்த ஒரு நேரம். வாகனம் நகர நகர, கூட்டமும் கூடவே நகர்கிறது. இரு கரைகளிலும் இப்போது தடுப்புச் சுவரும் சாலையும் வந்துவிட்டதால், நினைத்த இடத்தில் கரையேற முடியாது. விழாவுக்காக வைகை அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டால், கால் ஊன்றி நிற்கும் இடம் இன்னும் குறைகிறது.

ஒரு சதுர மீட்டரில் 5 பேருக்கு மேல் நின்றால், நம் உடல் நம் கட்டுப்பாட்டில் இருக்காது என்கிறது கூட்ட மேலாண்மைத் துறை. கூட்டம் தண்ணீர் மாதிரி அலையடிக்கும். பின்னால் ஒருவர் தள்ளினால், அந்த விசை முன்னால் நிற்பவரின் நெஞ்சில் போய் விழும். இப்படிப்பட்ட விபத்துகளில் பலர் இறப்பது மிதிபட்டு இல்லை, நெஞ்சு அழுந்தி மூச்சுவிட முடியாமல். ‘மக்கள் பொறுமையாக இருந்திருக்கலாம்’ என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அடர்த்தி அந்த அளவைத் தாண்டிய பிறகு, பொறுமைசாலியாலும் ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான் உண்மை.

திருவிழா ஒரு நிமிடக் காட்சியா?

இல்லவே இல்லை. முதலில், இது ஒரு விழா அல்ல, இரண்டு. மீனாட்சி அம்மன் கோயில் விழா கொடியேற்றத்தில் தொடங்கி 12 நாள் நடக்கும். 8-ம் நாள் பட்டாபிஷேகம், 9-ம் நாள் திக்விஜயம், 10-ம் நாள் திருக்கல்யாணம், 11-ம் நாள் மாசி வீதிகளில் தேரோட்டம். அழகர் விழா தனி. மதுரையிலிருந்து சுமார் 21 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அழகர்கோவிலிலிருந்து, கள்ளர் வேடத்தில் அவர் கிளம்பி வருகிறார்.

தங்கை கல்யாணத்துக்கு வந்த அண்ணன், அது முடிந்துவிட்டது தெரிந்து கோபித்துக்கொண்டு வண்டியூருக்குப் போய்விட்டார் என்பது மக்கள் சொல்லும் கதை. துர்வாசரின் சாபத்தால் தவளையான மண்டூக மகரிஷிக்கு விமோசனம் தர வருகிறார் என்பது கோயில் புராணம். வெவ்வேறு காலத்தில் நடந்த சைவ, வைணவ விழாக்களை 17-ம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர்தான் சித்திரையில் இணைத்தார் என்று சொல்லப்படுகிறது. சுற்றுவட்டாரச் சமூகங்களுக்கும் அழகருக்கும் உள்ள உறவைத் தெரிந்துகொள்ள, தொ.பரமசிவனின் ‘அழகர் கோயில்’ ஆய்வு நூல் நல்ல தொடக்கம்.

மண்டகப்படி: பழைய காலத்து ஏற்பாடு

இங்கேதான் நாம் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. மலையிலிருந்து கிளம்பி மறுபடி மலைக்குத் திரும்பும் வரை, வழியில் 400-க்கும் மேற்பட்ட மண்டகப்படிகளில் அழகர் நின்று போகிறார். ஊர்கள், சமூகங்கள், வியாபாரிகள், குடும்பங்கள் எனப் பலரும் அவரவர் இடத்தில் வரவேற்கிறார்கள். பக்தர் சாமியைத் தேடிப் போவதற்குப் பதிலாக, சாமி தெருத்தெருவாக வருகிறது. அதாவது, கூட்டத்தை ஒரே இடத்தில் குவிக்காமல் வழி நெடுகப் பரப்பும் வேலை இந்த விழாவுக்குள்ளேயே இருக்கிறது.

டிவி நேரலையும், பிறகு வந்த ரீல்ஸும் ஒரு வாரப் பயணத்தை ஒரு கிளிப்பாகச் சுருக்கிவிட்டன. ‘பட்டு பச்சையா, சிவப்பா?’ என்பதே செய்தி ஆகிவிட்டது. பச்சை உடுத்தினால் நாடு செழிக்கும் என்பது நம்பிக்கை. அதைத் தெரிந்துகொள்ள ஆற்றுக்குள்தான் நிற்க வேண்டும் என்பதில்லை.

அப்போ எங்கே பார்க்கலாம்?

• எதிர்சேவை: ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய நாள். மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் வழியில் ஊரே எதிர்கொண்டு அழைக்கும்.
• மண்டூக மகரிஷிக்கு மோட்சம்: இறங்கியதற்கு மறுநாள், தேனூர் மண்டபத்தில்.
• தசாவதாரம்: அன்று இரவு ராமராயர் மண்டபத்தில், விடிய விடிய.
• பூப்பல்லக்கு: அதற்குப் பிறகு, தல்லாகுளம் சேதுபதி மண்டபத்திலிருந்து.

இங்கெல்லாம் கூட்டமே இருக்காது என்று நினைக்க வேண்டாம். ஆனால், ஒரே நிமிடத்துக்காக எல்லோரும் முட்டி மோதும் நிலை குறைவு. குழந்தைகள், பெரியவர்களோடு போகிறவர்களுக்கு இதுதான் சரி. மண்டகப்படி நேரங்கள் தள்ளிப்போவது சகஜம், கையில் தண்ணீரும் கொஞ்சம் பொறுமையும் இருக்கட்டும்.

பொறுப்பு யாருக்கு?

பக்தருக்கு அறிவுரை சொல்வதோடு நிர்வாகத்தின் கடமை முடியாது. உள்ளே வரும் வழியும் வெளியேறும் வழியும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஆற்றுக்குள் எத்தனை பேர் என்ற வரம்பை முன்பே முடிவு செய்து, அது நிறைந்ததும் நுழைவை நிறுத்த வேண்டும். விஐபி பாஸுக்கு ஒதுக்கும் இடம், பொதுமக்கள் நிற்கும் இடத்தைத் தின்னக் கூடாது. மண்டகப்படி நேரமும் மாற்றங்களும் போனிலேயே உடனுக்குடன் கிடைத்தால், பாதிப் பேர் தங்கள் தெருவிலேயே காத்திருப்பார்கள்.

2025 ஜனவரியில் திருப்பதியில் 6 பேர் இறந்தது சன்னிதியில் இல்லை, வைகுண்ட வாசல் தரிசன டோக்கனுக்கான வரிசையில். தரிசனத்தைத் திட்டமிடும் அளவுக்கு, காத்திருப்பையும் திட்டமிட வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அடுத்த சித்திரைக்கு டிக்கெட் போடும்போது, முடிந்தால் இரண்டு நாள் சேர்த்து லீவு கேளுங்கள். அழகர் எப்படியும் மலைக்குத் திரும்ப அந்த வழியாகத்தான் வருவார்.