கவுன்சலரிடம் ஒரு எண் கேளுங்கள்



மே மாதம் வந்தால் எங்கள் வார்டில் எல்லோரும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: "ரினியூ பண்ணியாச்சா?" நர்ஸ்களாகிய நாங்கள் எங்கள் பதிவை ஒவ்வொரு ஆண்டும் மே 31க்குள் புதுப்பிக்க வேண்டும். ஆப்ரா அமைப்பின் இணையப் பட்டியலில் எங்கள் பெயரைத் தட்டிப் பாருங்கள். பதிவு நடப்பில் இருக்கிறதா, ஏதாவது நிபந்தனை போட்டிருக்கிறார்களா என்பதுவரை யாரும் பார்க்கலாம். உங்கள் கையில் ஊசி போடுகிறவர்களைச் சோதித்துப் பார்க்க இவ்வளவு வசதி இருக்கிறது. உங்கள் பிள்ளையின் மனதைத் தொடுகிறவரை யாரும் சோதித்தார்களா?

இந்த மாதம் இதை எழுதக் காரணம் எங்கள் தவறுதான். சில காலத்துக்கு முன் வேறொரு சபையிலிருந்து ஒரு பிரதர் வந்திருந்தார். இனிமையாகப் பேசினார், உருக்கமாக ஜெபித்தார். "சர்டிஃபைட் கிறிஸ்டியன் கவுன்சலர்" என்று அச்சடித்த துண்டுச்சீட்டுகளைக் கொடுத்தார். வாலிபர் குழுவை நடத்தும் நாங்களே அதை ஹால் பலகையில் குத்திவைத்தோம். யார் சர்டிஃபை பண்ணியது என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நம்ம ஆள், தமிழ் பேசுகிறார், விசுவாசி. அது போதுமாக இருந்தது.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தங்கை அந்தச் சீட்டைப் பார்த்து அவரிடம் போனாள். குடும்ப டாக்டர் எழுதிக்கொடுத்த மனச்சோர்வு மாத்திரையை அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது சந்திப்பில் அவர், "விசுவாசம் இருக்கிறவளுக்கு மாத்திரை எதுக்கும்மா?" என்று கேட்டிருக்கிறார். அன்றே நிறுத்திவிட்டாள். அந்த வகை மாத்திரையை டாக்டரின் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றும், தூக்கம் போகும், மண்டைக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோல் வெட்டும். பழைய சோர்வும் திரும்பி வரலாம். அவளுக்கு எல்லாமே வந்தது. ஒரு நடுராத்திரி அவள் அம்மா எங்களுக்குப் போன் செய்தார்: "சிஸ்டர், பிள்ளை கதவைத் திறக்க மாட்டேங்குது."

கதவு திறந்தது. எமர்ஜென்சிக்குக் கொண்டுபோனோம். இன்று அவள் நன்றாக இருக்கிறாள். அவளிடமும் அம்மாவிடமும் அனுமதி கேட்டுத்தான் இதை எழுதுகிறோம். "எழுதுங்க அக்கா, ஆனா என்னைப் பாவம்னு எழுதாதீங்க" என்றாள்.

பிறகு அந்தப் பிரதரிடம் போய்க் கேட்டோம். ஆன்லைனில் முடித்த ஒரு சான்றிதழைக் காட்டினார். அதோடு சிறுவர்களோடு வேலை செய்வதற்கான அரசு அனுமதி எண்ணையும் காட்டினார். அந்த எண் நம் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களிடமும் இருக்கிறது. பிள்ளைகளோடு வேலை செய்ய இவருக்குத் தடையில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. அது படிப்புக்கான சான்று அல்ல.

அவர் சட்டத்தை ஏமாற்றி அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளவில்லை. பலருக்கும் தெரியாத செய்தி இதுதான்: ஆஸ்திரேலியாவில் "கவுன்சலர்" என்ற பெயரை யாரும் வைத்துக்கொள்ளலாம். "சைக்கோதெரபிஸ்ட்" என்ற பெயரும் அப்படியே. "சைக்காலஜிஸ்ட்" அப்படியல்ல. ஆப்ராவில் பதியாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வது குற்றம். நாடு முழுவதற்குமான இந்தப் பதிவு முறை 2010இல் தொடங்கியது. நர்ஸ், டாக்டர், சைக்காலஜிஸ்ட் எல்லோரும் அதற்குள் வந்தோம். கவுன்சலர்கள் வெளியே நின்றுவிட்டார்கள். மெடிகேர் பணம் ஏன் கவுன்சலருக்குக் கிடைப்பதில்லை என்று கேட்கும் ஆன்ட்டிமாருக்கும் இதில் பாதி பதில் இருக்கிறது. குடும்ப டாக்டர் மனநலத் திட்டம் எழுதிக்கொடுத்தால், சைக்காலஜிஸ்டிடமோ அதற்கென அங்கீகாரம் பெற்ற சோஷியல் வொர்க்கரிடமோ ஆண்டுக்கு 10 சந்திப்புகள்வரை மெடிகேர் உதவும். கவுன்சலரிடம் போனால் கைக்காசுதான்.

அதனால் கவுன்சலர்கள் எல்லோரும் போலி என்று எண்ணிவிடாதீர்கள். பல ஆண்டுகள் படித்து, மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் வேலை பழகி வந்த அருமையானவர்களை நாங்கள் அறிவோம். அவர்களில் பலர் ஏ.சி.ஏ. என்ற ஆஸ்திரேலிய கவுன்சலிங் சங்கத்திலோ, பாக்ஃபா என்ற கூட்டமைப்பிலோ உறுப்பினர்கள். இரண்டுக்கும் இணையத்தில் பட்டியல் உண்டு. பெயரையும் ஊரையும் போட்டால் வந்துவிடும். கேட்டவுடன் உறுப்பினர் எண்ணைச் சொல்வார்கள், முகம் சுளிக்க மாட்டார்கள். "ஏன் கேட்கிறீங்க, நம்பிக்கை இல்லையா?" என்று திருப்பிக் கேட்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

விசுவாசிகளான நமக்குத்தான் இந்தக் கேள்வி தொண்டையில் நிற்கிறது. சிட்னியிலும் சன்ஷைன் கோஸ்டிலும் மெர்சி மினிஸ்ட்ரீஸ் என்ற கிறிஸ்தவ இல்லங்கள் இருந்தன. உணவுக் கோளாறும் மன நோயும் உள்ள இளம்பெண்கள் அங்கே தங்கினார்கள். சைக்காலஜிஸ்ட், டாக்டர் போன்றோரின் உதவி கிடைக்கும், சேவை இலவசம் என்றெல்லாம் சொல்லப்பட்டது. அங்கே இருந்த பெண்கள் 2008 மார்ச்சில் சிட்னி மார்னிங் ஹெரால்டு பத்திரிகையில் வேறு கதை சொன்னார்கள். சொன்ன உதவி கிடைக்கவில்லை, தங்கள் சென்டர்லிங்க் பணமும் இல்லத்துக்குப் போனது என்றார்கள். 2009 இறுதியில் நுகர்வோர் ஆணையமான ஏ.சி.சி.சி. அந்த விளம்பரங்கள் தவறாக வழிநடத்தியவை என்று முடிவுகட்டியது. முன்னாள் இயக்குநர்கள் மன்னிப்புக் கேட்கவும் அந்தப் பெண்களுக்குப் பணம் கொடுக்கவும் ஒப்புக்கொண்டார்கள். மகளை அங்கே அனுப்பிய பெற்றோரும் நம்மைப் போன்றவர்கள்தானே என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

"போதகர் ஐயா காட்டிய ஆளை எப்படிச் சோதிப்பது?" என்று ஒரு அம்மா கேட்டார். அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பவுல் சொன்னதையே பெரோயா ஊரார் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதற்காக அவர்களை யாரும் குறை சொல்லவில்லை. நம் ஐயாவிடமே இதைச் சொன்னோம். சிரித்துவிட்டு, "என்னிடம் ஜெபத்துக்கு வாங்க. மாத்திரை விஷயத்துக்கு டாக்டரிடம் போங்க" என்றார்.

பதிவு இல்லாதவர்களுக்கும் நம் மாநிலத்தில் கடிவாளம் உண்டு. 2008இலிருந்து நியூ சவுத் வேல்ஸில் அவர்களுக்கென்று ஒரு நடத்தை விதி இருக்கிறது. டாக்டரின் சிகிச்சையை நிறுத்தச் சொல்லித் தூண்டக்கூடாது, தன் படிப்பைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது, வாடிக்கையாளரோடு பாலுறவு கூடாது என்பவை அதில் அடக்கம். மீறினால் எச்.சி.சி.சி. என்ற புகார் ஆணையத்துக்கு எழுதலாம், காசு கேட்கமாட்டார்கள். ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. தடை பெற்றவர்களின் பெயர்கள் அவர்கள் இணையதளத்தில் இருக்கின்றன. மெல்பர்னில் இருக்கும் நம் உறவினர்களுக்கு விக்டோரியாவின் ஹெல்த் கம்ப்ளெயின்ட்ஸ் கமிஷனர் இருக்கிறார். அந்தத் தங்கையின் அம்மா புகார் எழுதினார். சபையின் பெயர் கெட்டுவிடும் என்று தடுத்தவர்களும் நம்மிடையே உண்டு, அதையும் எழுதிவைக்கிறோம்.

ஊரில் இருக்கிறவரிடம் வாட்ஸ்அப் வீடியோவில் பேசுகிற குடும்பங்களும் இருக்கின்றன. தமிழில் மனம்விட்டுப் பேசலாம், செலவும் குறைவு, புரிகிறது. இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்கிறவர் ரிஹாபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியாவில் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆனால் நடுராத்திரி கதவு பூட்டிக்கொண்டால் அவர் சென்னையில் இருப்பார் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கவுன்சலிங் படிக்க ஆசைப்படும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. போன மாதம் ஒருவன் ஆறு வார ஆன்லைன் கோர்ஸ் ஒன்றைக் காட்டினான். "இன்டர்நேஷனலி அக்ரெடிட்டட்" என்று பொன்னிறத்தில் முத்திரை. அங்கீகாரம் கொடுத்த அமைப்பு எது என்று தேடினோம். கோர்ஸை விற்கிறவர்களும் அவர்களும் ஒரே வீட்டார் போலத் தெரிந்தது! டிப்ளமோ என்றால் டிரெய்னிங் டாட் கவ் டாட் ஏயூ தளத்தில் அந்தப் படிப்பும் நிறுவனமும் இருக்கவேண்டும். டிகிரி என்றால் டெக்ஸாவின் தேசியப் பட்டியலில் பாருங்கள். அரசு ஏற்றதாலேயே வேலை முடியாது. அந்தப் படிப்பை ஏ.சி.ஏ.வோ பாக்ஃபாவோ ஏற்கிறதா என்பதைக் கல்லூரியின் விளம்பரத்தில் பார்க்காமல் அந்தச் சங்கத்தின் பட்டியலிலேயே பாருங்கள். சைக்காலஜிஸ்ட் ஆக விரும்பினால் ஏபாக் அங்கீகரித்த படிப்பாக இருக்கவேண்டும், மொத்தம் ஆறு ஆண்டு பிடிக்கும். இறையியல் கல்லூரியின் மேய்ப்புப் பணிச் சான்றிதழ் நல்லதுதான். ஆஸ்பத்திரியில் நோயாளியின் பக்கத்தில் உட்கார அது உதவும். அதை வைத்துக்கொண்டு கவுன்சலர் என்று போர்டு மாட்டுவதற்கு முன் யோசியுங்கள்.

ஹால் பலகையில் இப்போது எண் இல்லாமல் எந்தச் சீட்டும் ஏறுவதில்லை. இந்த மாதம் ஒவ்வொரு வெள்ளியும் வாலிபர் கூட்டம் முடிந்ததும் லேப்டாப்போடு பின்வரிசையில் உட்கார்ந்திருப்போம். போகப்போகிற ஆளின் பெயரையோ சேரப்போகிற கோர்ஸின் பெயரையோ கொண்டுவாருங்கள், சேர்ந்து தேடலாம். ஏன் என்று கேட்கமாட்டோம். வெள்ளிவரை பொறுக்க முடியாதவர்கள் லைஃப்லைனுக்கு 13 11 14இல் எந்த நேரமும் பேசலாம். 25 வயதுவரை உள்ளவர்களுக்கு கிட்ஸ் ஹெல்ப்லைன் 1800 55 1800. உயிருக்கு ஆபத்து என்றால் 000.