ரோபோ வர்றதுக்கு முன்னாடி

2018-ல் அகமதாபாத் டாக்டர் தேஜஸ் படேல், சுமார் 32 கிலோமீட்டர் தள்ளி காந்திநகரில் உட்கார்ந்தபடியே ஒரு நோயாளியின் இதய ரத்தக்குழாய் அடைப்பை ரோபோ மூலம் நீக்கினார். அடுத்த வருஷம் கனடாவின் டொரண்டோவில் மூளை ரத்தக்குழாய் வீக்கத்துக்கே ரோபோ கை கொடுத்துச்சு.

மீஞ்சூருக்கும் சென்னை பெரியாஸ்பத்திரிக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்தான். பக்கவாதம் வந்தா, ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு வழக்கமா நாலரை மணி நேரம்தான் கெடு. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல ஆம்புலன்ஸ் நிக்கிற நேரமும் அதுலதான் கழியும். அதனால டாக்டரோட கை இங்கேயே வர்றது நல்லதுதான்.

ஆனா ரோபோ தனியா எதுவும் செய்யாது. ஸ்கேன், ஆஞ்சியோ அறை, தொடையில குழாய் நுழைக்கத் தெரிஞ்ச ஆள், சிக்கல்னா கையாலேயே முடிக்கிற டாக்டர் எல்லாம் நோயாளி பக்கத்துல வேணும். வயலுக்குப் பாதை இல்லாம டிராக்டர் வாங்கி என்ன பிரயோஜனம்? பொன்னேரியில இதெல்லாம் ராப்பகலா நடக்கட்டும். ரோபோவை அப்புறம் கேட்போம்.