லாரி ஓட்டுநரின் வேலைநேரமும் நமது சங்கங்களும்

நமது நெசவாளர் சங்கங்களின் துணிக்கட்டுகளும் விவசாய அங்கத்தினர்களின் நெல், காய்கறி மூட்டைகளும் சந்தையை அடைவதற்கு லாரியையே நம்பியிருக்கின்றன. லாரி வாடகையைப் பற்றி நிர்வாகக் கமிட்டிக் கூட்டங்களில் நெடுநேரம் விவாதம் நடைபெறுகிறது. ஐம்பது ரூபாய் வித்தியாசத்திற்காகத் தீர்மானத்தை அடுத்த மாதத்திற்கு ஒத்திவைத்த சங்கங்களும் உண்டு. ஆனால் அந்த லாரியை ஓட்டுகின்றவர் எத்தனை மணி நேரமாக விழித்திருக்கிறார் என்னும் கேள்வி, நான் பார்வையிட்ட தீர்மானப் புத்தகங்கள் எதிலும் எழுந்ததாகக் காணேன். அது இனி எழ வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

காட்டுப்பள்ளிப் பகுதியில் வாழ்வோர்க்கு இவ்விஷயத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2001-ஆம் ஆண்டில் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது; இன்று அது காமராசர் துறைமுகம் எனப்படுகிறது. 2013-இல் அதன் பக்கத்திலேயே காட்டுப்பள்ளித் துறைமுகம் தொழிலைத் தொடங்கிற்று. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையும், ஆந்திர எல்லைக்கு அப்பாலுள்ள ஆலைகளும், மணலித் தொழிற்சாலைகளும் தத்தம் சரக்கை இவ்வழியே அனுப்புகின்றன. மீஞ்சூர், பொன்னேரி, செங்குன்றம் சாலைகளில் இரவு பகலாக டிரெய்லர்கள் வரிசையில் நிற்பதை நாம் அன்றாடம் காண்கிறோம். 17-ஆம் நூற்றாண்டில் அண்டையிலுள்ள பழவேற்காட்டிலிருந்து டச்சுக்காரர் இந்நாட்டு நெசவாளர் நெய்த துணியை ஏற்றுமதி செய்த காலத்தில், பருவக் காற்றுக்காகக் கப்பல் காத்திருந்தது. இன்று கப்பலுக்காக லாரி காத்திருக்கிறது. லாரியின் உள்ளே ஒரு மனிதர் காத்திருக்கிறார்.

ஓட்டுநரின் வேலைநேரத்திற்கு நம் நாட்டில் சட்டமே இல்லை என்று பலரும் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அது சரியன்று. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்று வரம்பு கட்டிற்று. நெடுந்தூர ஓட்டத்திற்கு 10 மணியும் 54 மணியும் அனுமதித்தது. ஐந்து மணி நேர வேலைக்குப்பின் அரை மணியேனும் ஓய்வு தரவேண்டும் என்றது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் 91-ஆம் பிரிவில் அவ்வரம்பையே ஏற்றுக்கொண்டு, வேலைநேரத்தை முன்கூட்டியே வகுத்துப் பதிவு செய்யுமாறு முதலாளிகளைக் கோரும் அதிகாரத்தை மாநில அரசுக்கு அளித்தது. ஆகவே பதிவு என்னும் எண்ணம் புதிதன்று. கையால் எழுதிய புத்தகமாயிருந்தது மின்கருவியாக மாறவேண்டும் என்பதே இப்போதைய பேச்சு.

ஆயினும் 1961-ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து தொழிலாளருக்குக் குறையாத நிறுவனங்களையே பொதுவாகக் கட்டுப்படுத்திற்று. 2025 நவம்பர் 21-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அது அடங்கிப்போனபோது, 8 மணி என்னும் வரம்பு நின்றது. ஐந்து பேர் என்ற எல்லையோ பத்துப் பேர் என்று உயர்ந்தது. நமது சங்கங்களுக்கு வரும் லாரிகளில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்போருடையவை. அவர்களுள் சிலர் தாமே ஓட்டுகின்றனர். சட்டத்தின் வலையில் கண் பெரிதாயிற்று; சிறு மீன்கள் எப்போதும் போல வெளியே உள்ளன. போதாக்குறைக்கு, தேசிய அனுமதி பெற்ற லாரியில் இரு ஓட்டுநர் இருத்தல் வேண்டும் என்றிருந்த விதியும் 2018-இல் தளர்த்தப்பட்டது.

இதன் விளைவை அறிய அதிக தூரம் செல்லவேண்டாம். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்பது மத்திய அரசின் கணக்கு. தமிழ்நாட்டின் பங்கு 17,884. இவற்றுள் எத்தனை உறக்கத்தின் பாற்பட்டவை என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. கண்ணயர்ந்த ஓட்டுநர் விபத்தின்பின் அதை ஒப்புக்கொள்வது அரிது, ஒப்புக்கொள்ள உயிரோடிருப்பதும் எப்போதும் நிகழ்வதில்லை.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி கண்டனர். 2012-இல் இயற்றிய சட்டத்தையொட்டி 2015-இல் விதி வகுத்து, 2017 டிசம்பர் 18 முதல் சரக்கு லாரிகளில் மின்னணுப் பதிவுக் கருவியைக் கட்டாயமாக்கினர். கருவி இயந்திரத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். வண்டி நகர்ந்தவுடன் தானே நேரத்தைக் குறிக்கும். பத்து மணி நேர ஓய்வுக்குப்பின் 14 மணிக்குள் 11 மணி நேரமே ஓட்டலாம். முன்னே காகிதப் புத்தகத்தில் ஓட்டுநர் தம் விருப்பம்போல் நேரத்தை நிரப்பிவந்தார். இனி அது கூடாது. கருவியைக் கொண்டு ஓட்டுநரைத் துன்புறுத்தலாகாது என்றும் அதே விதியில் எழுதினர். விளைபொருள்களை நிலத்திலிருந்து ஏறத்தாழ 150 மைல் சுற்றளவுக்குள் பருவகாலத்தில் ஏற்றிச்செல்லும் லாரிகளுக்கு விலக்கும் அளித்தனர். காய்கறி அங்கத்தினர்கள் இதைக் குறித்துக்கொள்க. ‘தக்காளி அழுகிப்போகுமே’ என்னும் நம் வாதத்தை அங்குள்ள விவசாயியும் வாதாடியிருக்கிறார்.

பலன் என்ன ஆயிற்று? ஆய்வாளர் சிலர் கணக்கெடுத்துப் பார்த்தனர். வேலைநேர மீறல்கள் நன்கு குறைந்தன. ஆனால் விபத்துகள் குறைந்ததாகத் தெரியவில்லை. சிறு நிறுவனங்களின் ஓட்டுநர்கள் வேகமாக ஓட்டிப் பிடிபடுவது கூடிற்று!

இது ஏன் என்பதை நெசவாளர்க்கு நான் விளக்கவேண்டியதில்லை. புடைவைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகின்றவரின் தறிக்கருகே ஒரு கடிகாரத்தை மாட்டி, எட்டு மணிக்குமேல் நெய்யாதே என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? அந்த எட்டு மணிக்குள் கை எவ்வளவு விரைந்து ஓடுமோ அவ்வளவு ஓட்டுவார். இழை அறுந்தாலும் முடிந்துகொண்டு மேலே செல்வார். மைலுக்கு இவ்வளவு, டிரிப்புக்கு இவ்வளவு என்று படி வாங்கும் ஓட்டுநரும் அதையே செய்கிறார். இன்னொன்றும் உண்டு. பாவு வரும்வரை, நூல் வரும்வரை தறி நிற்கிறது. நின்ற நாளுக்குக் கூலியில்லை. அந்த வயிற்றெரிச்சல் நம் அங்கத்தினர்க்குப் பழக்கமானது. துறைமுக வாயிலிலோ கிடங்கு வாயிலிலோ நிற்கும் லாரி ஓட்டுநருக்கும் நின்ற நேரத்திற்குப் படியில்லை. 1961-ஆம் ஆண்டுச் சட்டமே, முனையத்தில் சும்மா காத்திருக்கும் நேரம் 15 நிமிடத்திற்குக் குறைந்ததாயின் அதை வேலைநேரத்தில் சேர்க்கவேண்டும் என்று எழுதிற்று. பதினைந்து மணி நேரம் காத்திருந்தால் என்ன என்பதைத் தெளிவாக எழுதாமல் விட்டது.

ஆகையால் கருவி மட்டும் போதும் என்பாரோடு நான் உடன்படவில்லை. கருவியே வேண்டாம் என்பாரோடும் உடன்படவில்லை. ஐரோப்பியர் இக்காரியத்தில் சற்று ஆழ்ந்து சிந்தித்திருக்கின்றனர். அங்கே வேகத்தையும் நேரத்தையும் வட்டத்தாளில் கீறிவைக்கும் கருவி பல பத்தாண்டுகளாக உண்டு. 1970-களில் பிரிட்டனின் ஓட்டுநர்கள் அதை வண்டிக்குள் வைத்த ஒற்றன் என்று பழித்தனர். 2006 முதல் புதிய லாரிகளில் அது மின்னணுக் கருவியாயிற்று. அவ்வாண்டு இயற்றிய விதியில், நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தவேண்டும் என்பதோடு இரண்டு வாசகங்களைச் சேர்த்தனர். ஒன்று, சாலைப் பாதுகாப்புக்குக் கேடு விளையும் வகையில் தூரத்தையோ சரக்கின் அளவையோ கொண்டு ஊதியம் தரலாகாது. மற்றொன்று, சரக்கை அனுப்புகிறவரும் ஒப்பந்தத்தில் குறிக்கும் நேரம் ஓட்டுநரின் வேலைநேர வரம்புக்கு இசைந்திருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரக்கை அனுப்புகிறவர் என்றால் யார்? இங்கே அவர் நாமே.

நம் நாட்டில் சரக்கு லாரி அனைத்திற்கும் இத்தகைய கருவி கட்டாயம் என்று விதி இல்லை. விமானம் ஓட்டுவோர்க்கு உள்ளதுபோல் லாரி ஓட்டுவோர்க்கும் நேரவரம்பு வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் 2021 செப்டம்பரில் சொன்னார். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதனம் இருத்தல் வேண்டும் என்ற விதி வந்துவிட்டது, அது நல்லதே. குளிர்ந்த அறையில் உறக்கம் இன்னும் விரைவாக வரும் என்று ஓர் ஓட்டுநர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்!

வேடிக்கை என்னவெனில், நேரத்தைக் குறிக்கும் கருவிகளுக்கு இன்று குறைவே இல்லை. சுங்கச்சாவடியைக் கடக்கும் நொடியை ஃபாஸ்டாக் குறிக்கிறது. இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று சரக்கின் ஆயுளைக் கணக்கிடுகிறது. எடைமேடைச் சீட்டில் மணியும் நிமிடமும் அச்சாகின்றன. துறைமுக வாயிலில் உள்ளே வந்த நேரம், வெளியே சென்ற நேரம் இரண்டும் பதிவாகின்றன. வண்டி இருக்குமிடத்தை ஜி.பி.எஸ். கருவி உரிமையாளரின் கைபேசிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. வண்டிக்குக் கணக்குண்டு, சரக்குக்குக் கணக்குண்டு, வரிக்குக் கணக்குண்டு. ஓட்டுகிற மனிதர் எப்போது உறங்கினார் என்பதற்கு ஒரு வரி கிடையாது.

நமது சங்கங்களின் நிலையைச் சற்றுப் பார்ப்போம். கோயமுத்தூரிலிருந்து நூல் வருகிறது. இங்கிருந்து சுமார் 500 கிலோமீட்டர். லாரி சராசரி மணிக்கு 40 கிலோமீட்டர் ஓடும் என்று கொண்டால் பன்னிரண்டரை மணி நேர ஓட்டம். எட்டு மணி வரம்பு மட்டுமன்று, பத்து மணி வரம்பும் ஓர் ஓட்டுநரால் ஒரே நாளில் மீறப்படாமல் இராது. அவர் விடியற்காலையில் கிடங்கு வாயிலுக்கு வந்து சேருகிறார். சாவி குமாஸ்தாவிடம், குமாஸ்தா பத்து மணிக்கு வருவார். இறக்கும் ஆட்கள் பதினொரு மணிக்கு. ஒரு சங்கத்தில் பகல் இரண்டு மணிக்குத்தான் கடைசி மூட்டை இறங்கியதை நான் கண்டிருக்கிறேன். அந்த ஓட்டுநர் வண்டியின் நிழலில் அமர்ந்து மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார், ஏனெனில் குறைந்தால் அவர் படியில் பிடிப்பார்கள். மாலையில் திரும்பும் லோடுக்குப் புறப்பட்டுவிட்டார். அவருக்கு நாம் அளித்த உறக்கம் யாதொன்றும் இல்லை. பொங்கலுக்கு முன்னே வேட்டி சேலை அனுப்பும் அவசரத்தில் இது இரட்டிப்பாகிறது. கோயம்பேட்டுக்கு விடியுமுன் காய்கறி சேரவேண்டும் என்னும் கட்டாயத்தில் விவசாய சங்கங்களின் லாரிகள் முன்னிரவெல்லாம் தோட்டம் தோட்டமாக லோடு ஏற்றிக்கொண்டு பின்னிரவில் ஓடுகின்றன.

வாடகை ஏறிவிடும் என்பது முதல் ஆட்சேபம். ஏறும், மறுப்பதற்கில்லை. எவ்வளவு என்று பார்க்கலாம். ஒரு லோடில் 5,000 சேலை இருப்பதாகவும் இரண்டாம் ஓட்டுநருக்காக 2,000 ரூபாய் கூடுதலாவதாகவும் வைத்துக்கொண்டால் சேலைக்கு 40 காசு. பத்து டன் காய்கறிக்குக் காத்திருப்புப் படியாக 1,000 ரூபாய் தந்தால் கிலோவுக்கு 10 காசு. தராசின் தட்டில் ஒட்டும் மண்ணுக்கு நாம் இதைவிட அதிகம் இழக்கிறோம். ஆனால் ஒரு லாரி கவிழ்ந்தால் போகும் சரக்கின் மதிப்பு என்ன, இன்ஷ்யூரன்ஸ் பணம் வரும்வரை சங்கத்தின் நடைமுறை மூலதனம் எத்தனை மாதம் முடங்கும் என்பதைக் காரியதரிசிகள் நன்கறிவர். ஓட்டுநரின் உயிரை நான் இக்கணக்கில் சேர்க்கவில்லை.

கருவி தம்மை வேவு பார்க்கும் என்பது ஓட்டுநர்களின் ஆட்சேபம். இதில் நியாயம் உண்டு. இன்றைய ஜி.பி.எஸ். உரிமையாளருக்கே பேசுகிறது, எங்கே நிறுத்தினாய், ஏன் நிறுத்தினாய் என்று ஓய்வெடுப்பவரை எழுப்பவே அது பயன்படுகிறது. பதிவின் ஒரு பிரதி ஓட்டுநரின் கையிலும் இருக்கவேண்டும். அப்போதுதான், நான் பத்து மணி நேரம் ஓட்டியாயிற்று, இனி இயலாது என்று அவர் காட்டிச் சொல்லலாம். அத்தகைய விதி என்று வரினும் வருக. சங்கங்கள் அதுவரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் சென்னை மாகாணத்தில் முன்னாள் படைவீரர்கள் மோட்டார் போக்குவரத்துக் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தனர். ஓட்டுகிறவரே உரிமையாளர் என்னும் அந்த ஏற்பாடு ஓங்கி நிலைத்திருந்தால் இக்கட்டுரைக்கு அவசியம் இராது. அது இப்போதைக்கு நிற்க. லாரி வாடகைக்கு அமர்த்தும் கடிதத்தில் சங்கங்கள் நான்கு வரி சேர்க்கலாம்: 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஓட்டத்திற்கு இரண்டாம் ஓட்டுநர் வேண்டும், வண்டி வந்த இரண்டு மணிக்குள் சரக்கை இறக்குவது சங்கத்தின் பொறுப்பு, அதற்குமேல் ஆகும் ஒவ்வொரு மணிக்கும் காத்திருப்புப் படி, உரிமையாளரிடமன்றி நேரே ஓட்டுநரிடம், ரசீது பெற்றுத் தரப்படும், வந்துசேர வேண்டிய நேரம், இடையே ஓய்வுக்கு இடம் விட்டே குறிக்கப்படும். கிடங்கையொட்டி ஒரு தண்ணீர்க் குழாயும் கழிப்பிடமும், பாய் விரித்துப் படுக்க ஒரு தாழ்வாரமும் இருந்தால் நலம். பல சங்கங்களில் தாழ்வாரம் இருக்கிறது. உடைந்த தறிச்சட்டங்களும் காலிச் சாக்குகளும் அதில் உறங்குகின்றன.

இவற்றோடு வாயிலில் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். வண்டி எண், புறப்பட்ட ஊர், புறப்பட்ட நேரம், வந்த நேரம், இறக்கி முடிந்த நேரம், வெளியேறிய நேரம், ஓட்டுநரின் கையொப்பம் என்று ஏழு பத்திகள் போதும். மூன்று மாதம் எழுதினால் தாமதம் துறைமுகத்தில் ஆகிறதா, சாலையில் ஆகிறதா, நம் குமாஸ்தாவின் சாவிக்கொத்தில் ஆகிறதா என்பது தெரிந்துவிடும். அதைப் பொதுச் சபையில் வைத்துப் படித்தால் அங்கத்தினர்களே மிகுதியைப் பேசிக்கொள்வர். தணிக்கையில் நான் கேட்டுப்பெறும் உரிமையுள்ள புத்தகங்களுள் இது ஒன்றன்று. ஆயினும் வரும் சம்பா அறுவடைக்குப்பின் சங்கங்களுக்கு வரும்போது இதையும் எடுத்துவைக்கச் சொல்லிக் கேட்பதாக இருக்கிறேன்.