மகசூலோடு நிற்கும் கணிப்பு
பருவநிலை மாற்றம் காவிரிப் படுகையை எப்படிப் பாதிக்கும் என்று கணிக்கும் கணினி மாதிரிகள் திட்டமிடலுக்குள் வருவதை வரவேற்கிறோம். ஆனால் அவை நெல் மகசூலை மட்டும் கணித்து நின்றுவிடுவதை ஏற்பதற்கில்லை. பூக்கும் தருணத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் மலடாகி நெல் பதராவதை மகசூல் மாதிரி ஓரளவு சொல்லிவிடும். ஆனால் வழக்கமான ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்காத ஆண்டில் குறுவை சுருங்கி, சம்பா தள்ளிப்போய், அறுவடைக்கு முன் தெளிக்கும் உளுந்தும் பிந்தி, வைக்கோலின்றி மாடு விலைக்குப் போகும் சங்கிலியை அது சொல்லாது. கடைமடையில் ஏறும் உப்புநீரையும் சொல்லாது. மாவட்டத்துக்கு ஒரு சராசரி மகசூல் எண்ணை மட்டும் தந்தால் அது எந்த விவசாயிக்கு உதவும்? பயிர், கால்நடை, நீர், கடன் நான்கையும் இணைத்த மாதிரியைக் குறுவட்ட அளவில் அரசு உருவாக்கி, தரவுகளையும் பிழை வரம்பையும் விதைப்புக்கு முன்பே வெளியிட வேண்டும். அதுவரை, கணிப்பைக் காட்டிப் பயிர்க் காப்பீட்டு இழப்பீட்டைக் குறைக்கக் கூடாது.