மூட்டையின் பெயரும் சரக்கும்

சேர்வராயன் மலையில் காப்பி பயிரிடுவோருக்கு ஒரு விஷயத்தை நாம் சொல்ல வேண்டுவதில்லை. மூட்டையின்மேல் ‘ஏற்காடு’ என்றெழுதியிருப்பதால் மட்டும் உள்ளிருப்பது ஏற்காட்டுச் சரக்காகிவிடாது. ஆனால் கணினி மென்பொருள் விஷயத்தில், படித்தவர்களுங்கூட மேலெழுத்தையே நம்பி வருகின்றனர்.

2016 பிப்ரவரியில் ‘லினக்ஸ் மின்ட்’ தளத்தில் திருடர் புகுந்து, சுட்டியைத் திருப்பி, அதே பெயரால் நஞ்சு கலந்த கோப்பை ஜனங்களுக்கு அளித்தனர். பெயர் மாறவில்லை, ஹாஷ் மாறியிருந்தது. ஹாஷ் என்பது கோப்பிலுள்ள ஒவ்வொரு பிட்டையும் கணக்கிட்டு எடுக்கும் அடையாளம். எஸ்.எச்.ஏ.-256 முறையில் அது 64 எழுத்து. ஒரு பிட் பிசகினாலும் அடையாளம் அடியோடு வேறாகும். பெயரை மாற்றினாலோ, சேலத்திலிருந்து பென் டிரைவில் மலையேற்றினாலோ மாறாது. சென்னையில் சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸுக்கு மூலமான டெபியன், ஒவ்வொரு பொதிக்கும் இவ்வடையாளத்தைப் பட்டியலில் பதிந்து, அப்பட்டியலைக் கையொப்பத்தால் காக்கிறது. கையொப்பமின்றேல், கோப்பை மாற்றுகிறவன் அடையாளத்தையும் மாற்றிவிடுவானன்றோ? சரக்கு நல்லதா என்பதை ஹாஷ் சொல்லாது. 2024-ல் ‘எக்ஸ்இஸட்’ மென்பொருளின் மெய்யான வெளியீட்டிலேயே நஞ்சு இருந்தது.

இனி நம் சட்டத்துக்கு வருவோம். 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியம், மின்னணுச் சாட்சியத்தின் சான்றிதழில் ஹாஷைக் குறிக்கச் சொல்லுகிறது. இதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் அப்படிவத்தில் எஸ்.எச்.ஏ.-256-க்குப் பக்கத்திலேயே எம்.டி.5, எஸ்.எச்.ஏ.-1 ஆகியவற்றுக்கும் இடமளித்திருப்பது யாது கருதியோ! ஒரே எம்.டி.5 அடையாளமுள்ள இரு வேறு கோப்புகளை ஆக்கலாமென்று 2004-லேயே சீன அறிஞர் வாங் சியாவ்யுன் குழுவினர் காட்டினர், எஸ்.எச்.ஏ.-1-க்கு அக்கதி 2017-ல் வந்தது. முன்பே உள்ள கோப்புக்குப் போலி செய்வது இன்றும் எளிதன்று என்பர். மெய்தான், இரண்டையும் ஒருவனே ஆக்கி வைத்திருந்தால் கோர்ட்டார் எதைக் கொண்டு பிரித்தறிவர்?

ஆகவே அவ்விரு பெயர்களையும் படிவத்தினின்று சர்க்கார் நீக்க வேண்டும். மற்றொன்றும் கேட்கிறோம். ஏற்காட்டுத் தொழிலாளியின் கைபேசியைப் போலீஸார் கைப்பற்றினால், அதிலுள்ளவற்றைப் பிரதியெடுத்தவுடனே, அப்பிரதியின் எஸ்.எச்.ஏ.-256 அடையாளத்தைக் கடிதத்தில் எழுதி, தேதியிட்டு, அவர் கையில் கொடுக்க வேண்டும். வழக்கு கோர்ட்டுக்கு வந்தபின் கொடுப்பது போதாது.